தலைக்கு மேலே 50 மில்லிமீட்டர்

டாப்பைத் திறந்துவிட்ட ஒரு கன்வர்ட்டிபிள் காரை ரேஸ் டிராக்கில் இறக்கலாமா, கூடாதா? இதைச் சொல்ல சிமுலேஷன் எதுவும் வேண்டாம். நீளமான ஒரு விளக்குமாத்துக் குச்சி போதும்.

டிரைவரை ஹெல்மெட்டோடு சீட்டில் உட்கார வைங்க. பெல்ட்டை இறுக்குங்க. தலைக்குப் பின்னால் இருக்கும் ரோல் பாரின் உச்சியில் குச்சியின் ஒரு முனையையும், முன்னால் இருக்கும் உறுதியான இடத்தில் மறுமுனையையும் வைங்க. குச்சிக்குக் கீழே ஹெல்மெட் இரண்டு அங்குலமாவது, அதாவது சுமார் 50 மி.மீ., இறங்கி இருக்கணும். ஹெல்மெட் குச்சியில் இடித்தால், வண்டி தலைகீழாகும்போது தரையில் முதலில் படுவது அந்த டிரைவரின் தலை. வெளிநாடுகளில் டிராக் டே நடத்தும் பல கிளப்புகள் இந்தக் குச்சிச் சோதனையில் தேறாத திறந்த காரை கேட்டுக்கு உள்ளேயே விடுவதில்லை. ரோல் பாரே இல்லை என்றால் பேச்சே இல்லை.

"சேலத்துலயும் நாமக்கல்லயும் யார்கிட்டப்பா கன்வர்ட்டிபிள் இருக்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நம்ம ஊரில் ஆயிரக்கணக்கில் ஓடும் ஒரு திறந்த வண்டி இருக்கு. கூரை கிடையாது, கதவு கிடையாது, பெரும்பாலும் பெல்ட்டும் கிடையாது. அதற்கு வருவோம். அதற்கு முன்னால் ரேஸ் உலகம் இந்த விஷயத்தில் என்ன கற்றுக்கொண்டது என்று பார்த்துவிடலாம். நாம் எதைத் தெரிந்தும் செய்யாமல் இருக்கிறோம் என்பது அப்போதுதான் புரியும்.

வளையம் என்றால் எல்லாம் வளையம் இல்லை

மூடிய காரில் கூரையும் தூண்களும் ஒரு கூண்டு மாதிரி. கன்வர்ட்டிபிளில் அந்தக் கூண்டின் மேல்பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மேலே இழுத்து மூடும் துணி மழைக்குத்தான், தரைக்கு இல்லை. அதனால் சீட்டுக்குப் பின்னால் ஒரு எஃகு வளையம் வேண்டும்.

இதில் ஒரு ஏமாற்று இருக்கு. பார்க்க ரோல் பார் மாதிரியே இருக்கும், பளபள என்று குரோம் பூசியிருக்கும், ஆனால் மெல்லிய தகட்டில் நாலு சின்ன போல்ட் போட்டு நிறுத்தியிருப்பார்கள். இதற்கு ஸ்டைல் பார் என்று பெயர். போட்டோவுக்கு நல்லா இருக்கும். வண்டி கவிழும்போது அப்பளம் மாதிரி மடங்கும். நம்ம பக்கம் ஜீப்பை மாற்றிக் கட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் போகிறவர்களில் சிலர் மாட்டியிருப்பதும் இந்த ரகம்தான்.

இரண்டாவது விஷயம் பெல்ட். வளையம் இல்லாத திறந்த காரில் ஐந்து முனை ரேஸ் பெல்ட்டை மட்டும் மாட்டினால் பாதுகாப்பு கூடாது, குறையும். அந்த பெல்ட் உடம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். வண்டி கவிழ்ந்தால் பக்கவாட்டில் சாயக்கூட முடியாது. தலைதான் தூண். அதேபோல் வளையம் மட்டும் இருந்து பெல்ட் இல்லை என்றால், ஆள் வெளியே தூக்கி எறியப்பட்டு அதே வளையத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளலாம். ஆக இரண்டும் ஒரு ஜோடி. ஒன்று இல்லாமல் இன்னொன்று வேலை செய்யாது. இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வளையம் ஒருமுறை வைத்துவிட்டால் கதை முடிந்தது என்றும் இல்லை. 2022 ஜூலை 3, சில்வர்ஸ்டோன். பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ தொடங்கிய சில நொடிகளில் ஆல்ஃபா ரோமியோ டிரைவர் சோ குவான்யூவின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து, டிராக்கிலும் சரளையிலும் தேய்த்துக்கொண்டே போய், டயர் தடுப்பைத் தாண்டி வேலியில் போய் விழுந்தது. அந்தத் தேய்ப்பில் காரின் ரோல் ஹூப்பே பிய்ந்து போனது. அவரைக் காப்பாற்றியது 2018-இல் கட்டாயமாக்கப்பட்ட ஹேலோ. ஹூப் எல்லாச் சோதனைகளிலும் தேறியதுதான். அதற்காக "அது ஏதோ விதி" என்று யாரும் விட்டுவிடவில்லை. தரையில் குத்தி மாட்டாமல் இருக்க உச்சி வளைவாக இருக்கணும், இன்னும் கூடுதல் சுமை தாங்கணும் என்று 2023-க்கே விதியை மாற்றினார்கள். விபத்து நடந்தது, காரணம் பார்த்தார்கள், அடுத்த சீசனுக்குள் விதி வந்தது.

நம்ம பசங்க கட்டும் கார்

இந்த அறிவு ஐரோப்பாவில் மட்டும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. ஃபார்முலா பாரத் போட்டி அங்கேதான் நடக்கிறது. மாணவர்களே வடிவமைத்து, மாணவர்களே வெல்டிங் அடித்து, மாணவர்களே ஓட்டும் ஒற்றை இருக்கை கார்கள். எல்லாமே கூரை இல்லாதவை.

ஃபார்முலா மாணவர் போட்டிகளின் விதிப்புத்தகத்தைப் புரட்டிய யாருக்கும் தெரியும். டிரைவருக்குப் பின்னால் மெயின் ஹூப், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஃப்ரன்ட் ஹூப். மெயின் ஹூப் ஒரே துண்டு எஃகுக் குழாயாக, வெட்டாமல் ஒட்டாமல், ஒரு பக்கத்து அடிச்சட்டத்தில் கிளம்பி மறுபக்கத்து அடிச்சட்டத்தில் முடியணும். பல அணிகள் 25 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன் உள்ள குழாயை எடுப்பது இதனால்தான். இரண்டு ஹூப்பின் உச்சியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், ஹெல்மெட் அதற்கு 50 மி.மீ. கீழே இருக்கணும். அதே விளக்குமாத்துக் குச்சிதான், பெயர் மட்டும் வேறு.

ஏன் சரியாக ஒட்டி இருக்கக்கூடாது, ஏன் அந்த 50 மி.மீ.? தலைகீழாகும்போது பெல்ட் நீளும், உடம்பு சீட்டிலிருந்து சரியும், குழாய் கொஞ்சம் மடங்கும், மண்ணாக இருந்தால் ஹூப் புதையும். இத்தனை "கொஞ்சத்துக்கும்" சேர்த்து ஒதுக்கிய இடம் அது.

அப்புறம் டில்ட் டெஸ்ட். காரை மேடையில் ஏற்றி, அணியிலேயே உயரமான டிரைவரை உட்கார வைத்து, 60 டிகிரி சாய்ப்பார்கள். ஒரு சக்கரமும் தூக்கக்கூடாது. இதன் கணக்கு நமக்கெல்லாம் முதல் வருஷப் பாடம். இரண்டு சக்கரத்துக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்கணும். வருகிற எண்ணுக்கு டேன் இன்வர்ஸ் போட்டால் வண்டி எந்தச் சாய்வில் கவிழும் என்பது கிடைக்கும். உதாரணத்துக்கு, அகலம் 1.2 மீட்டர், ஈர்ப்பு மையம் 0.3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.6-ஐ 0.3-ஆல் வகுக்க 2. சுமார் 63 டிகிரி. பாஸ்.

அதாவது கவிழ்வதற்கே அவ்வளவு கஷ்டமான ஒரு காருக்கு, வருஷத்தில் சில நாட்கள் மட்டும், ஆம்புலன்ஸ் பக்கத்தில் நிற்க, சமதளமான தார் மேல் ஓடும் ஒரு காருக்கு, நாம் இத்தனை பார்க்கிறோம். பார்க்கத்தான் வேண்டும். அதில் எனக்கு எந்த மாற்றுக்கருத்தும் இல்லை.

என் கேள்வி, அதே கணக்கை ஊரில் நிற்கும் இன்னொரு வண்டிக்கு ஏன் போட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான்.

தோட்டத்தில் நிற்கும் கன்வர்ட்டிபிள்

டிராக்டர். மோகனூர் ஆலைக்குக் கரும்பு இழுப்பதும், ராசிபுரம், ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்கு மூட்டை இழுப்பதும், பரமத்தி வேலூரில் ராஜா வாய்க்கால் கரையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஊர்வதும் அதுதான். நம்மில் பல பேர் பைக் ஓட்டுவதற்கு முன்னால் ஓட்டிய வண்டியும் அதுதான்.

ஒரு சராசரி அளவுக்கு, சக்கர அகலம் 1.4 மீட்டர், ஈர்ப்பு மையம் 0.8 மீட்டர் உயரம் என்று வைங்க. 0.7-ஐ 0.8-ஆல் வகுத்தால் 0.875. டேன் இன்வர்ஸ் போட்டால் சுமார் 41 டிகிரி. காகிதத்தில் 41. நிஜத்தில் இன்னும் குறைவு. டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஊசலாடும். ஆகவே ஓரளவு சாயும்வரை வண்டியைத் தாங்குவது நாலு சக்கரங்கள் போட்ட செவ்வகம் இல்லை, இரண்டு பின்சக்கரமும் முன்னால் அந்தப் பின்னும் சேர்ந்த முக்கோணம். வேகமாகத் திரும்பினால் இன்னும் குறையும். ஒரு சக்கரம் வரப்பில் ஏறி, மறு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்த 41-இல் பாதி அங்கேயே போய்விடும்.

பக்கவாட்டில் கவிழ்வதாவது பரவாயில்லை. பின்பக்கம் மல்லாந்து விழுவது இன்னும் மோசம். பின்சக்கரம் சேற்றில் மாட்டிக்கொண்டது. டிரைவர் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து கிளட்சை வெடுக்கென்று விடுகிறார். சக்கரம் சுற்ற முடியவில்லை என்றால் அந்த டார்க் எங்கே போகும்? நியூட்டனின் மூன்றாம் விதி. சக்கரம் சுற்றாவிட்டால் ஆக்சிலைச் சுற்றி வண்டியே சுற்றும். முன்பக்கம் தூக்கும். முன்சக்கரம் தூக்க ஆரம்பித்து, இனித் திரும்ப முடியாது என்ற கோணத்தைத் தாண்ட முக்கால் செகண்ட் அளவுதான் ஆகும். முழுசாக மல்லாந்து தரையில் விழ ஒன்றரை செகண்ட். மனிதன் ஒன்றைப் பார்த்து, புரிந்து, காலை எடுத்து கிளட்சில் வைக்கவே கிட்டத்தட்ட அந்த முக்கால் செகண்ட் ஆகிவிடும். "நல்ல டிரைவருக்கு ஒண்ணும் ஆகாது" என்பது வெறும் பேச்சு. இழுவையை டிராபாரில் மாட்டாமல் மேலே டாப் லிங்க் பக்கம் கட்டி இழுத்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

"நம்மது சமவெளி, மலையா என்ன?" என்று கேட்கலாம். சமவெளியில்தான் ஏரிக்கரை இருக்கு, வாய்க்கால் கரை இருக்கு, தோட்டத்துக்கு நடுவே கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறு இருக்கு. உழும்போது கடைசிச் சாலையும் விடக்கூடாது என்று கரையை ஒட்டியே திருப்புகிறோம். "டிராக்டர் கவிழ்ந்து டிரைவர் பலி" என்ற தலைப்பு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எத்தனை தடவை கண்ணில் பட்டிருக்கும்! நாலு வரிச் செய்தி. கீழே, போலீசார் விசாரணை. காரணம் பார்த்து விதி மாற்றும் அடுத்த சீசன் மட்டும் இங்கே வருவதே இல்லை.

இது முதலில் டிராக்டருக்குத்தான் வந்தது

இதைப் படிக்கும் ரேஸ் ரசிகர்கள் ஒரு தேதியைக் கவனிக்கணும். ஃபார்முலா ஒன் காருக்கு ரோல் பார் கட்டாயமானது 1961-இல். ஸ்வீடனில் புது டிராக்டர்களுக்கு அது கட்டாயமானது 1959-இல். ஆமாம், டிராக்டர் இரண்டு வருஷம் முந்தி! அதன் பிறகு ஸ்வீடனில் டிராக்டர் கவிழ்ந்து சாவது வருஷா வருஷம் குறைந்து, கடைசியில் அபூர்வமாகிவிட்டது.

டிராக்டரில் பொருத்தும் வளையத்துக்கு ரோப்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் 1970-களின் நடுவிலேயே கூலியாட்கள் ஓட்டும் புது டிராக்டர்களுக்கு அது கட்டாயம் என்று விதி வந்தது. 1985-இலிருந்து கம்பெனிகளே 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களில் அதைப் பொருத்தி விற்கின்றன. வளையமும் பெல்ட்டும் சேர்ந்து இருந்தால் கவிழ்தலில் வரும் சாவுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தடுக்கலாம் என்பது அங்கே பல வருஷ அனுபவம். மேலே சொன்ன அதே ஜோடி.

இதில் எனக்குக் கோபம் வருவது ஓர் இடத்தில்தான். நம் நாட்டில் தயாராகி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறும் டிராக்டர் வளையத்தோடும் பெல்ட்டோடும் விற்பனையாகிறது. நம்ம ஊர் ஷோரூமில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. அங்கே ஓட்டுகிறவர் தலைக்கு ஒரு விலை, இங்கே ஓட்டுகிறவர் தலைக்கு வேறு விலையா?

"வெயிலுக்கு டாப்பு போட்டிருக்கோமே" என்பார்கள். அந்த டாப்பு என்ன தெரியுமா? மெல்லிய குழாய், மேலே ஒரு ஷீட், மட்கார்டில் நாலு போல்ட். கன்வர்ட்டிபிளில் பார்த்த அதே ஸ்டைல் பார். நிழல் தரும். எடை தாங்காது. பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பை மட்டும் கொடுக்கிறதே, அதுதான் ஆபத்து.

சாக்குகளும் பதில்களும்

"தென்னந்தோப்புல ஓலை தட்டும், மரத்தடியில போக முடியாது." நியாயமான குறை. அதற்காகத்தான் மடக்கும் ரோப்ஸ் இருக்கு. பின்னை எடுத்துவிட்டு மேல்பாதியை மடக்கலாம், தோப்பை விட்டு வந்ததும் நிமிர்த்தி விடலாம். மடக்கி இருக்கும்போது மட்டும் பெல்ட் போடக்கூடாது. அவ்ளோதான்.

"பெல்ட் போட்டா குதிக்க முடியாதே." வளையம் இல்லாத டிராக்டரில் இந்த வாதம் சரி. வளையம் இருந்தால் தப்பு. ஒன்றரை செகண்டில் குதித்துத் தப்பித்தவர்கள் கதை சொல்ல இருக்கிறார்கள். தப்பிக்காதவர்கள் கதை சொல்ல வருவதில்லை.

"விலை ஏறும்." ஏறும்தான். பல லட்சம் போட்டு வாங்கும் வண்டியில் இரண்டு தூணும் ஒரு குறுக்குக் குழாயும் எவ்வளவு சதவீதம் என்று ஷோரூமில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கேளுங்கள். டிரைவர் வேலைக்குப் போகிறவர் அந்த வண்டியின் சொந்தக்காரர்கூட இல்லை. தினக்கூலிக்கு ஏறி உட்காருகிறார். விலையைப் பற்றி முடிவு எடுப்பது ஒருத்தர், அடியில் மாட்டுவது இன்னொருத்தர்.

"அட, நாமக்கல்லுல லாரி பாடியே கட்டுறோம், திருச்செங்கோட்டுல போர்வெல் ரிக்கே கட்டுறோம். ஒரு வளையம் வெல்டிங் அடிக்க முடியாதா?" இதற்குத்தான் மெக்கானிக்கல் பசங்க முன்னால் வந்து பதில் சொல்லணும். முடியாது. கைத்திறமை இல்லாததால் இல்லை. சோதிக்காத வளையம் ஸ்டைல் பாருக்குச் சமம் என்பதால். ஆக்சில் ஹவுசிங் வார்ப்பு இரும்பு, அதில் வெல்டிங் வைத்தாலோ துளை போட்டாலோ அங்கேயே விரிசல் விடும். வளையம் ரொம்ப விறைப்பாக இருந்தால் போல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு வரும், ரொம்ப இளக்கமாக இருந்தால் டிரைவர் மேலேயே மடங்கும். அது மடங்கணும், மடங்கும்போது ஆற்றலை உறிஞ்சணும், ஆனால் டிரைவர் உட்காரும் இடத்துக்குள் வரக்கூடாது. ஓ.இ.சி.டி. சோதனை முறையில் பக்கவாட்டில் தள்ளும்போது டிராக்டரின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.75 ஜூல் ஆற்றலை வளையம் வாங்கிக்கொள்ளணும். 2000 கிலோ டிராக்டர் என்றால் 3500 ஜூல். மேலிருந்து அமுக்கும்போது வண்டி எடையைப் போல சுமார் இரண்டு மடங்கு தாங்கணும். பட்டறைக் கண்ணளவில் இதைச் சொல்ல முடியாது.

நம்மால் முடிந்தது

இங்கேதான் நம்ம வேலை ஆரம்பிக்கிறது. ஃபார்முலா, பாஹா அணிகளில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஹூப் பற்றித் தெரியும். குழாய் வளைக்கத் தெரியும், எஃப்.இ.ஏ. ஓட்டத் தெரியும், வெல்டிங் சாம்பிள் உடைத்துப் பார்க்கத் தெரியும். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் அதே நாலு தலைப்பு சுற்றி வருகிறது. அதற்குப் பதிலாக நம்ம பக்கம் அதிகம் ஓடும் ஒரு பழைய டிராக்டர் மாடலை எடுத்து, ஹவுசிங்கில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளையே பயன்படுத்தும் ஒரு வளையத்தை வடிவமைக்கலாமே. வடிவமைத்ததை அப்படியே விற்கவோ மாட்டவோ கூடாது. மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் இருக்கு. கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கு. அவர்களிடம் கேட்டு, சோதித்து, உடைந்தால் திருத்தி, தேறினால் மட்டும் நாமக்கல் பட்டறைகளிடம் அந்த வரைபடத்தைக் கொடுக்கலாம். அப்போது நம்ம ஊர் வெல்டருடைய கை உண்மையிலேயே உயிர் காக்கும்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் டிராக்டருக்கு மானியம் தருகிறார்கள். நல்ல விஷயம். அந்த மானியம் வளையமும் பெல்ட்டும் உள்ள வண்டிக்கு மட்டும்தான் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அடுத்த மாசமே ஷோரூமில் வளையம் முளைக்கும். பழைய வண்டிக்கும் வழி இருக்கு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பழைய டிராக்டரில் ரோப்ஸ் பொருத்த ஆகும் செலவின் பெரும்பகுதியைத் திருப்பித் தரும் திட்டம் 2006-லேயே வந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால், ஃபார்முலா பாரத்தில் நாம் ஒழுங்காக ஹூப் வைப்பதற்குக் காரணம் நம்ம நல்ல மனசு இல்லை. ஸ்க்ரூட்டினியர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அளப்பார், 50-க்குப் பதில் 45 இருந்தால் காரைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயம். டிராக்டருக்கு அப்படி அளக்கிற ஆள் யாருமே இல்லை. மானிய அதிகாரி அந்த ஆளாக வருவதற்கு வருஷங்கள் ஆகலாம். அதுவரைக்கும் வீட்டில் புது டிராக்டர் எடுக்கும் பேச்சு வரும்போது, "அப்பா, வளையம் வச்ச மாடல் இருக்கான்னு கேளுங்க" என்று சொல்ல நம்மால் முடியும். சில மாடல்களில் கிடைக்கிறது, கேட்டால்தான் காட்டுவார்கள். மட்கார்டில் தம்பி, தங்கைகளை ஏற்றி உட்கார வைக்காமல் இருக்க முடியும். வளையம் இருந்தாலும் அது சீட்டில் பெல்ட் போட்டிருக்கும் ஒருத்தருக்கு மட்டும்தான். சேற்றில் மாட்டினால் கிளட்சை மெதுவாக விடச் சொல்லவும், முடிந்தால் ரிவர்ஸில் வெளியே வரச் சொல்லவும், டிராபாரைத் தவிர வேறு எங்கேயும் கயிறு கட்டாதீங்க என்று சொல்லவும் முடியும்.

இந்தத் தடவை லீவுக்கு ஊருக்குப் போகும்போது தோட்டத்தில் நிற்கும் டிராக்டரில் ஏறி உட்காருங்கள். தலைக்கு மேலே கையை நீட்டிப் பாருங்கள். வளையம் தட்டுப்பட்டால் நல்லது, பெல்ட்டையும் தேடுங்கள். ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால், அடுத்த செமஸ்டருக்கான புராஜெக்ட் தலைப்பு கிடைத்துவிட்டது.